அறை பதினேழின் மெஸ் கணக்கு

வரி இல்லாத நாடு என்று ஏஜெண்ட் சொன்னது
பொய்யில்லை.
சம்பளச் சீட்டில் மொத்தம் என்று ஒரு கட்டம்,
கைக்கு என்று ஒரு கட்டம்.
இரண்டிலும் ஒரே எண்.
விசாவுக்கு வாங்கிய கடனில்
ஊரில் மூன்று வட்டி ஓடுகிறது.
அது வேறு சீட்டு.

முசாஃபா எக்ஸ்சேஞ்சில் சம்பள வார வரிசை.
எனக்கு முன்னால் சுடலைக்கண்ணு, அறுநூறு அனுப்ப.
அவனுக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர்,
நாற்பதாயிரம்.
அனுப்புகூலி இருபத்துமூன்று திர்ஹாம், இருவருக்கும்.
"எல்லாருக்கும் ஒரே ரேட்தான் அண்ணா" என்றாள்
கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண்,
நியாயத்தையும் சில்லறையோடு சேர்த்துத் தள்ளியபடி.
கோட்டுக்காரருக்கு அது
ஒரு டீ ஆறும் நேரத்துச் சம்பாத்தியம்.
சுடலைக்கண்ணுக்கு
காலை ஐந்தில் தொடங்கி
மதியச் சோற்றுக்கு அப்புறமும் கொஞ்சம்.

அறை பதினேழில் நாங்கள் ஒன்பது பேர்.
மெஸ் கணக்கு என் நோட்டில்.
தலைக்கு இருநூற்று முப்பது. இங்கேயும் ஒரே ரேட்.
மார்ச்சில் சுடலைக்கண்ணு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான்.
வயிறு சரியில்லை என்றான்.
மாதக் கடைசியில் மெல்ல வந்து கேட்டான்:
"ராத்திரிக் கணக்கக் கழிச்சிரலாமாண்ணே?"

அன்றைக்குத்தான் நோட்டைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்திலிருந்து எழுதினேன்.
முதல் அறுநூறைத் தொடக்கூடாது, அது வீட்டுக்கு.
அடுத்த ஆயிரத்தில் பத்துக்கு மூன்று.
அதற்கும் மேலே போனால் பத்துக்கு நான்கு.
சுடலைக்கண்ணுக்கு எழுபத்தைந்து வந்தது.
இன்னும் சம்பளமே பார்க்காத ரிஃபாய்க்குச் சைபர்.
எனக்கு நாற்பது கூடியது.
எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, மறைப்பானேன்.
கிரேன் ஓட்டும் அருளப்பனுக்கு அறுநூற்று இருபது.

"எனக்கென்ன ரெண்டு வயிறா?
நானும் அதே மூணு குப்பூஸ்தானல தின்கேன்?
லைசென்ஸுக்கு நாலு வருஷம் அலைஞ்சது நான்.
நூறு மீட்டர் உசரத்துல
பாட்டில்ல மூத்திரம் பெய்யிறது நான்."

எல்லாமே உண்மை.
என்னிடம் பதில் இல்லை.
தனி அடுப்பு வாங்கிவிட்டான்.
அவன் போனதும் கணக்கு இடித்தது,
பழைய ரேட்டுக்கே திரும்பினோம்.
சுடலைக்கண்ணுக்கு மறுபடி வயிறு சரியில்லை.
பதினொரு நாள்
அறையின் ஒரு மூலையில் முட்டை வாசம்,
மறு மூலையில் எங்கள் பருப்பு.

பன்னிரண்டாம் நாள்
முப்பத்தெட்டாம் தளத்துக்குக் கம்பிக் கட்டு.
கீழே ஸ்லிங் மாட்டுகிறவன் சுடலைக்கண்ணு.
கட்டு ஓர் ஆள் உயரம் எழுந்ததும்
ஒருபக்கம் நழுவியது.
அருளப்பன் பூப்போல இறக்கி வைத்தான்.
யாருக்கும் ஒன்றுமில்லை,
சேஃப்டி ரிப்போர்ட்டில்கூட வரவில்லை.
வாக்கிடாக்கியில் மட்டும் ஒரு கேள்வி கரகரத்தது:
"ராத்திரி சாப்ட்டியால?"

அன்றிரவு அறுநூற்று இருபதை
என் தலையணைமேல் எறிந்தான்.
இன்றும் ஒன்றாம் தேதிதோறும் முனகுகிறான்.
மீன் வைக்கிற நாளில்
ஒரு துண்டு கூடுதலாக எடுக்கிறான்.
அதை நான் எழுதுவதில்லை.

நேற்று தூக்கம் வராமல்
நோட்டில் பத்தாவதாக ஓர் ஆளைச் சேர்த்துப் பார்த்தேன்.
நாங்கள் கட்டும் கோபுரத்தின் உச்சி வீட்டை
இப்போதே வாங்கிவிட்டவர்.
பெயர் தெரியாது, தளத்தின் எண்ணை எழுதிக்கொண்டேன்.
மாத வருமானம் ஒரு குத்துமதிப்பு.
முதல் அறுநூறை அவருக்கும் விட்டுக்கொடுத்தேன்,
அவருக்கும் வீடு இருக்குமே.
பத்துக்கு மூன்று.
பத்துக்கு நான்கு.
பென்சில் எண் கட்டத்தில் அடங்காமல்
வரியைத் தாண்டி
நோட்டின் விளிம்பில் போய் நின்றது.
அத்தனை பருப்பை எந்த அண்டாவில் வேகவைப்பது?

"லைட்ட அணைல. நாலு மணிக்கு பஸ்ஸு"
என்றான் அருளப்பன்,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி.