மதகு 14/3

கச்சான் வீசும் ஆடி மாதத்தில்
நான் மாரியை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
உட்துறைமுக வீதி, அலுவலக மேல்மாடி,
மின்விசிறி ஒன்றே ஒன்று. அதுவும்
கொழும்புக்குப் போகவேண்டிய தாளைத்தான்
முதலில் பறக்கவிடுகிறது.

ஐந்து ஆண்டு. அறுபத்திரண்டு வரிசை.
ஒரு வரிசை ஒரு துண்டு வீதி:
எங்கே தொடங்கி எங்கே முடிகிறது,
நாளுக்கு எத்தனை வாகனம்,
எவ்வளவு வெடிப்பு, எவ்வளவு குலுக்கம்.
கடைசியாய்த் தார் போட்ட ஆண்டு தெரியாத இடங்களில்
‘சண்டைக்கு முந்தி’ என்று யாரோ
பென்சிலால் எழுதிப் போயிருக்கிறார்கள்.
கணினி அதை ஏற்காது. எண் கேட்கும்.
1981 என்று போட்டேன்.
பிழையென்று சொல்ல ஆளில்லை.

நல்ல வீதிக்குத்தான் முதல் காசு.
வெடிப்பு மயிரளவாய் இருக்கையில் அடைத்தால் ஒரு பங்கு,
ஈரம் அடித்தளத்துக்கு இறங்கிவிட்டால் ஏழு பங்கு.
ஆகவே கந்தளாய்ப் பக்கம்
வழுவழுவென்று கிடக்கும் துண்டு இந்த ஆண்டு.
மூதூர்ப் பக்கம் நொறுங்கிக் கிடப்பது பொறுக்கலாம்:
செத்தது இன்னொருமுறை சாகாது.
கூட்டத்தில் நான்தான் இதைச் சொன்னேன்.
எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தேநீருக்குப் போனார்கள்.
அந்த வசனம் என்னோடு
வீடுவரை வந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் படியேறி வந்தாள்.
ஜெஸீமா. பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவள்.
மதகு 14/3 பற்றி.
எண்ணை அவளே சொன்னாள், கல்லில் பார்த்து வந்திருக்கிறாள்.
“என்ட ஸ்பிரிங் பிளேட் மூணு
அதுக்குள்ளதான் மிஸ் கிடக்கு.
எப்ப செய்வீங்க?”
மூன்றாம் ஆண்டு என்றேன்.
விரலை மடக்கினாள்.
“அப்ப இப்ப ரெண்டாம் வகுப்புப் புள்ள
ஸ்கொலசிப் எழுதுற வருசம்.”
கோபமில்லை. கணக்கில்
எனக்கு உதவி செய்வது போலத்தான் சொன்னாள்.

ஐப்பசிக்குள் முடிக்கவேண்டும் எல்லாம்.
வாடை திரும்பினால் தார் ஒட்டாது,
கிறவல் கூழாகும், கொந்தராத்துக்காரர் போன் எடுக்கமாட்டார்.
போன மாதம் ஒரு வீதிக்குக் கார்ப்பெட் போட்டோம்.
பதினாறாம் நாள் நீர்வழங்கல் சபை வந்து
நடுவால் வெட்டியது.
அங்கிருந்து குலதுங்க பேசினார்:
“சொறி மிஸ், எங்கட பிளானில
ஜனவரியிலயே இருந்த வேலை.”
எங்கள் திட்டத்திலும் ஜனவரியிலிருந்தே இருந்தது.
இரண்டு திட்டம். வீதி ஒன்று.

கோட்டைப் பக்கம் இரவு வேலை.
ஒரு பாதி உருட்டி முடிந்து,
மறுபாதிக்கு லொறியில் கலவை ஆறிக்கொண்டிருக்க,
கூம்புகளைத் தாண்டி மான்கள் வந்தன.
சூடு விட்டும் விடாத கறுப்பில்
ஒவ்வொன்றாய்க் கால் மடித்துப் படுத்தன.
றோலர் தவனேசன் எஞ்சினை நிறுத்தினான்.
மறுநாள் பதிவேட்டில் அவன் கையெழுத்து:
2.10 முதல் 2.50 வரை வேலை இல்லை.
காரணம்: மான்.
தாமதத்துக்கான காரணப் பட்டியலில் அப்படி ஒன்றில்லை.
‘வேறு’ என்று சேர்த்தேன்.

இன்று பின்னேரம், எல்லாரும் போனபிறகு,
14/3ஐ இரண்டாம் ஆண்டுக்கு நகர்த்தினேன்.
நியாயம் எழுதும் கட்டத்தில்
‘பாடசாலைப் போக்குவரத்து’ என்று இட்டேன். பொய்யில்லை.
மொத்தத் தொகை சிவந்தது.
காசு வளராது, ஏதாவது ஒன்று கீழே இறங்கவேண்டும்.
வரிசை நாற்பத்தொன்றை இறக்கினேன், நான்காம் ஆண்டுக்கு.
தொகை கறுப்பானது.

நாற்பத்தொன்று
இறக்கக்கண்டிக்கு அப்பால் இரண்டு கிலோமீற்றர்,
ஒரு வளைவு, இரண்டு சிறு மதகு.
கோப்பைத் திறந்து பார்த்தேன்.
அங்கிருந்து இதுவரை ஒருவரும்
இந்தப் படியேறி வந்ததில்லை.