பத்தாம் எண் சாக்கெட்

சாயங்காலம் ஐந்தே முக்கால்.
சிவப்பு நுரைத் தட்டில் நூற்றுப் பன்னிரண்டு குழிகள்,
கருவிகள் நூற்றுப் பதினொன்று.
காலியாகக் கிடக்கும் குழி
எட்டணாக் காசுக்குள் அடங்கிவிடும்.

எண்ணத் தொடங்கும் முன்பே திப்பேசாமி வந்து நின்றான்.
"மேடம், ஒண்ணு கம்மி."
எஸ்.பி. ரோட்டில் இதே சாக்கெட் அறுபது ரூபாய்.
காலையில் வாங்கி வந்து குழியை நிரப்பியிருக்கலாம்.
அதில் பொறித்திருக்கும் எண்ணை யார் படிக்கப் போகிறார்கள்?
நான் படிப்பேன், அது அவனுக்குத் தெரியும்.
ஆனால் அந்தப் பயத்தில் சொன்ன முகமில்லை அது.

நாளை ஆறேகாலுக்கு விமானம் எலஹங்கா போயாக வேண்டும்.
எஞ்சின் ஏற்றியாகிவிட்டது.
பூட்டுக்கம்பியில் அங்குலத்துக்கு ஏழு முறுக்கு,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி மத்தியானம் எண்ணினேன்.
செய்தவன் கையெழுத்து இருக்கிறது,
மேற்பார்த்தவர் கையெழுத்து இருக்கிறது.
மூன்றாவது கட்டம் என்னுடையது.
அங்கே பெயர் எழுதுவதில்லை. முத்திரைதான்.
எண் முப்பத்தெட்டு.
இந்த ஹேங்கரில் என் பெயரும் அதுவே.
"முப்பத்தெட்டு வருது, தரையைப் பெருக்குடா."

சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன்.
அவ்வளவுதான், இனி அது பறக்காது.
திட்டப் பிரிவிலிருந்து தேஷ்பாண்டே போன் செய்தார்.
"எவ்வளவு நேரம் ஆகும்?"
"கிடைக்கும் வரை."
"கிடைக்காவிட்டால்?"
"கிடைக்கும் வரை, சார்."

மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.
ஒரு மூடிக்கு நாற்பது திருகு,
திறந்த மூடிக்கெல்லாம் மறுபடி மூன்று ஒப்பம்.
காந்தக் கோலும் கண்ணாடியும் போக முடியாத இடத்துக்கு
பாம்புபோல் வளையும் கேமராக் குழாய்.
தகரக் கூரையில் மழை.
மதிலுக்கு அப்பால் சுரஞ்சன்தாஸ் ரோட்டில்
எந்த வண்டியும் நகராமல் எல்லா வண்டியும் கத்திற்று.

ஒன்பதரைக்கு, இருக்கைக்கு அடியில்,
பென்சில் துண்டு ஒன்று கிடைத்தது.
கட்டைவிரல் நீளம், ஒரு முனையில் பல் தடம்.
எங்களுடையதில்லை.
பழைய ஏட்டைப் புரட்டினேன்:
அந்த அறையைக் கடைசியாக மூடியது முத்திரை பன்னிரண்டு.
ஓய்வு பெற்று மைசூரில் இருக்கிறார்.
அவரைப்போல் உன்னிப்பான மனிதரை நான் பார்த்ததில்லை.
நானூறு மணி நேரம்
கட்டுப்பாட்டுத் தண்டுக்கு இரண்டு விரல் தள்ளி
அது உருண்டுகொண்டே பறந்திருக்கிறது.

பத்தாம் எண் சாக்கெட் பதினொன்றே முக்காலுக்கு
விமானத்துக்குள் இல்லாமல்
குப்பை உறிஞ்சும் இயந்திரத்தின் வயிற்றில் அகப்பட்டது,
தூசியும் ரோமமுமாக.
யாரோ சிரித்தார்கள்.
திப்பேசாமி ஓரமாகப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

மூடிகளை மூடினோம். எண்ணினேன். பார்த்தேன்.
அதிகாலை மூன்றுக்கு முத்திரை வைத்தேன்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கும். ஏட்டில் இல்லாதது ஒன்று:
ஒன்பது வருஷத்துக்கு முன் இதேபோல் மழை நாள்,
வேறொரு விமானம், இடது சக்கரக் குழி,
உள்ளே தலை நுழையாத இடத்தில் ஒரு எண்ணெய்க் குழாய் இணைப்பு.
முறுக்கியவர் யாகூப். அவர் தப்பு செய்து பார்த்தவரில்லை.
வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல்.
பார்க்காமல் குத்தினேன்.

அந்த விமானம் போயிற்று, வந்தது, போயிற்று.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததைப் பதிவதற்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லையென்று
இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அலமாரியில் இரண்டாம் தட்டு,
தாமாக முன்வந்து அறிவிக்கும் படிவம்,
வெளிர் மஞ்சள்.
தேதிக்கு எதிரே ஒன்பது வருஷம் பின்னால் போனேன்.
திப்பேசாமி டீயை வைத்துவிட்டு
படிக்காததுபோல் நின்றான்.

இந்தத் தாளில் முத்திரை செல்லாதாம்.
பெயரை முழுதாக எழுதச் சொல்கிறது.
பேனா ஒருமுறை வறண்டது, உதறினேன்.

ச. தவமணி.