கைக்கணக்கு

கல்முனை நீதிமன்றப் படியில்
மூன்றாம் தடவை ஏறுகிறேன்.
சட்டத்தரணி கோகிலவாணியின் மேசையில்
இளமஞ்சள் கோவை. அதன் முதுகில்
ஆதம்லெவ்வை இஸ்ஸதீன், சம்மாந்துறை.
பெயருக்குக் கீழே
வங்குரோத்து.
எங்கள் சந்தியில் அது ஏசுகிற சொல்.
இங்கே அதற்கு முத்திரை ஒட்டுகிறார்கள்.

“நட்டஈடு எவ்வளவு?”
பதினாலு இலட்சம், மிஸ்.
நெல் மில்லின் பெல்ட் இழுத்தது இடது கை.
முழங்கையோடு எடுத்தார்கள்.
முதலாளி இரண்டு காசோலை தந்தார்,
இரண்டாவது ஒருமுறை திரும்பி வந்து
பிறகுதான் மாறியது.

“செலவு? ரசீதோடு சொல்லுங்க.”

மகளுக்கு வீடு.
லிண்டல் மட்டத்தில் நிற்கிறது,
கம்பிகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு.
மச்சான் ஹயாத்துக்குக் கைமாற்று மூன்று இலட்சம்.
கைமாற்றுக்கு ஏது மிஸ் ரசீது?
ஒரு கையை மாற்றிக் கொடுத்தான்
என்று எழுதுங்கள்.
பள்ளிவாசலுக்கு மின்விசிறி,
அதற்கு உண்டு, பச்சைத் தாள்.
ஏழு ஏக்கர் குத்தகை, மாரிப் போகம்.
கதிர் தலைசாய்த்த கிழமை வெள்ளம்.
அந்த நட்டஈட்டுக்கும் படிவம் நிரப்பினேன்,
பிரதேச செயலகத்தில் கிடக்கிறது.

பிறகு லீசிங்.
லீசிங்கைக் கட்ட நுண்கடன்.
பிறகு எல்லாக் கிழமையும் செவ்வாய்க்கிழமை:
ஹெல்மெட் கழற்றாமல் முற்றத்தில் ஒரு பையன்,
அடுப்படிக்குள் விளக்கணைத்துச் சுலைஹா.
ஒருநாள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

முதல் காசோலை மாறிய அன்று
அவளுக்கு நான்கு காப்பு வாங்கினேன்.
“ஒங்கட கைய வித்து என்ட கைக்கா?” என்றாள்.
ஆனாலும் போட்டாள்.
இரவு பாத்திரம் கழுவும்போது
அது கிணுங்குவதை
பாயில் கிடந்தபடி கேட்டேன்.
அடகுச்சீட்டு இருக்கிறது, மிஸ்.
ஏலம் விட்ட கடிதமும் இருக்கிறது.
கேட்டதற்கு இல்லை.

“அசையும் சொத்து?”
சைக்கிள் ஒன்று.
“அசையாச் சொத்து?”

வெள்ளைத் துணியில் சுற்றி
ஆஸ்பத்திரியில் தந்தார்கள்.
மையவாடி வேலியோரம்
தம்பி மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினான்.
அளந்தால் ஒரு முழம் வரும்.
அது அசையாது, மிஸ்.

அவர் பேனையை வைத்தார்.
கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார்.
பிறகு எடுத்து, அந்தக் கட்டத்தில்
‘இல்லை’ என்று எழுதினார்.

கைச்சாத்து இடும்போது தாள் நழுவியது.
ஒரு கையால் எழுதுகிறவனுக்குத்
தாளைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.
ஓரத்தில் அவர் விரல் வைத்துக்கொண்டார்.

அடுத்த தவணை பெப்ரவரி ஒன்பது.
தவணை என்றதும்
வயிறு ஒருதரம் பிசைந்து அடங்கியது.
கட்டுகிற தவணை இல்லையாம் இது,
வருகிற தவணை.
இதற்கு
வெறுங்கையோடு வரலாம்.