வத்தலக்குண்டில் நகராத குமிழி

திரையில் ஒரு குமிழி.
பத்து லட்சம் கட்டங்கள் கொண்ட வலைக்குள்
அதை நான்தான் வைத்தேன்,
அடியிலிருந்து மூன்று விட்டம் உயரத்தில்,
அப்பழுக்கில்லாத உருண்டையாக.

தண்ணீர் என்றால் இந்நேரம்
மேலே போய் உடைந்திருக்கும்.
இது வேறு ஜாதி.
தள்ளினால் இளகும், விட்டால் இறுகும்.
நியூட்டனுக்கு அடங்காதது என்கிறது பாடப்புத்தகம்.
"உன்னை மாதிரி" என்கிறாள் எஸ்தர் தெபோராள்.

இளகுவதற்கு ஓர் அளவு உண்டு.
இழை குறைந்தாலும்
சுற்றியிருப்பது குமிழிக்குப் பாறை.

செண்பகனூரில் நேற்று மூன்று தடவை கரண்ட் போனது.
நாலாயிரத்து இருநூறாவது படியில் யூபிஎஸ் கீச்சிட்டு அடங்க,
மறுபடி தொடங்கிப் பார்த்தால்
குமிழி இளைத்திருக்கிறது.
கரண்ட் மேல் பழியில்லை.
ஓட்டை என் கணக்கில்:
ஆயிரம் படிக்கு அரை சதவீதம் காற்று
கட்டங்களின் இடுக்கில் கசிந்து
எங்குமில்லாத இடத்துக்குப் போகிறது.
தொலைந்ததைப் படிக்குப் படி திருப்பிக் கொடுத்தேன்,
பையில் சில்லறை குறைந்த கண்டக்டர்
சொந்தக் காசைப் போடுவது போல.

அப்புறமும் நகரவில்லை.

எஸ்தர் முந்தாநாள் இரவு ஊரிலிருந்து வந்தாள்.
ஊத்து தாண்டியதும் காது அடைத்ததாம்,
பெருமாள்மலையில் சிப்ஸ் பாக்கெட்
தலையணையாய் உப்பியதாம்.
கூடவே ஒரு கற்றாழை ஜெல்,
வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வாங்கியது,
மெல்லிய பிளாஸ்டிக் குப்பி,
நடுவில் சுண்டைக்காய் அளவு காற்று.
"ரெண்டு மாசமா அங்கேயேதான் நிக்குது,
பத்து ரூபா குறைச்சுக்குங்க" என்றாராம் கடைக்காரர்.

இன்று காலை வாயில் பிரஷ்ஷோடு,
"ஏய், இது மேல வந்துருச்சு."

மூடிக்கு ஒரு விரல் கீழே,
தலை உருண்டு, அடி கூர்ந்து,
ஆணி கீழே தொங்கும் பம்பரம் போல.

பஸ்ஸில் குலுங்கியிருக்கும் என்றேன்.
"வந்து வெச்சப்ப நடுவுலதான் இருந்துச்சு.
ரெண்டு ராத்திரியா மேஜையில யாரு குலுக்குனா?"

யாரும் குலுக்கவில்லை.
மேலிருந்து அமுக்கும் காற்று
ஏறி வந்த அளவுக்கு எடை குறைந்தது,
சுண்டைக்காய் ஐந்தில் ஒரு பங்கு பருத்தது,
பாறை அந்த அளவில் ஜெல்லானது.

நானோ குமிழியின் விட்டத்தை
மாறாத எண் என்று எழுதியிருந்தேன்,
கீழே மதுரையில் அளந்த எண்.
அதை வைத்துக்கொண்டு ஏழு வாரம்
இங்கே உட்கார்ந்து மேலே தள்ளியிருக்கிறேன்.

எண்ணை மாற்றினேன்.
பதினொன்றாம் நிமிடம் உருண்டை நீண்டது.
இருபதில் வால் முளைத்தது.
ஜன்னலில் பனி வந்து நின்றது,
ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டது, நான் திரும்பவில்லை.

குப்பியின் அடியில் கடுகளவில் இன்னும் ஏழு.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
தொட்டபெட்டா உச்சிக்குத் தூக்கிப்போனாலும்
அவை அசையாது.

"அளக்கணும், வை" என்பதற்குள்
எஸ்தர் குப்பியை உள்ளங்கையில் பிதுக்கினாள்.
பொத் என்று ஒரு சின்னச் சத்தம்.
"வேன் போயிரும்டி" என்றாள்
தலையைத் தடவிக்கொண்டே.