திரும்பி வரும் எண்ணெய்

மலை கோயிலோடு முடிகிறது என்றுதான்
படமெடுக்கிறவர்கள் நினைக்கிறார்கள்.
கடலிலிருந்து பார்க்கிற எங்களுக்கு
அது பாதி மலை.
மீதி தண்ணிக்குள் இறங்கிப் போகிறது.
அஸ்மீர் ஒருமுறை
ஈயக்கட்டியில் தங்கூசி கட்டி விட்டுப் பார்த்தான்.
தங்கூசி தீர்ந்தது.
கட்டி எங்கேயும் முட்டவில்லை.

அந்தப் பள்ளத்துக்காகத்தான் கப்பல்கள் வந்தன.
கோட்டை வந்தது, கொடிகள் மாறி மாறி வந்தன.
திமிங்கிலம் வருவதும் அதற்காகத்தான்.
திமிங்கிலத்துக்காக இன்றைக்கு
செக் நாட்டுச் சோடி ஒன்று,
கம்பளையிலிருந்து ஒரு குடும்பம்.

தலைக்கு ஏழாயிரம்.
காணாவிட்டால் பாதி திருப்பித் தருவதாய்ப் பேச்சு.
அதில் ஹோட்டல்காரனுக்கு ஆயிரத்தைந்நூறு,
இஞ்சின் லீசிங்குக்கு ஒரு பங்கு,
மிச்சம் மண்ணெண்ணெய்.

சீனக்குடாக் காட்டுக்குள்
யானை வந்து முதுகு தேய்க்கிற எண்ணெய்த் தாங்கிகள்
வரிசையாய் நிற்கின்றன.
அவற்றைப் பற்றிப் பேச
நாடுகள் விமானத்தில் வந்து போகின்றன.
என்னிடம் இருப்பது இரண்டு கான்.
ஒன்று போக,
ஒன்று வர.

எட்டு மைலில் இஞ்சினை நிறுத்தினேன்.
கம்பளைப் பிள்ளை சத்தியெடுத்தது.
தாய் தேசிக்காயைக் கீறி மூக்கில் பிடித்தாள்.
செக் பெண் தொப்பியை அமத்திக்கொண்டு
எவ்வளவு ஆழம் என்று கேட்டாள்.
மலையளவு என்றேன்.
எந்த மலை என்று அவள் கேட்கவில்லை.

பத்தரை இருக்கும்.
எல்லாரும் பிஸ்கற் பெட்டிக்குக் குனிந்த நேரம்
வடகிழக்கே, இன்னும் மூன்று மைல் தள்ளி,
ஒரு மூச்சு.
தண்ணியில் வெள்ளைத் தென்னை முளைத்து
அப்படியே சரிந்த மாதிரி.
பிறகு இன்னொன்று.

அஸ்மீர் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
நான் கானைப் பார்த்தேன்.
பத்துக்குப் பிறகு கச்சான் எழும்புகிற மாதம்;
எழும்பினால் கரை இரண்டு மடங்கு தூரம்.

"இண்டைக்கு இல்லை" என்றேன்.
படகைத் திருப்பினேன்.
கோயில் மணி கேட்கிற இடத்தில்
கம்பளைக்காரர் கும்பிட்டார்,
குறைந்தபட்சம் இதையாவது பார்த்தோம் என்றார்.

உப்புவெளியில் இறக்கிவிட்டு
ஈரக் காசைப் பாதியாய்ப் பிரித்து
ஆளாளுக்கு எண்ணிக் கொடுத்தேன்.
வேண்டாம் என்றான் செக்காரன்.
அது இன்னும் கஷ்டமாயிருந்தது.

படகை ஏற்றிய பிறகு
அஸ்மீர் கானைச் சரித்து, போத்தலில் அளந்தான்.
ஆறு லீற்றர் மிச்சம்.

கச்சான் எழும்பியிருந்தால் அதுவும் மிஞ்சியிராது.

மத்தியானம் வரை
ஒரு ஓலைகூட அசையவில்லை.