லாம்

முதலில் சுண்ணாம்பு என்றுதான் நினைத்தார்கள்.
லோரி பின்வாங்கிக் கொட்டிவிட்டுப் போனது:
வெள்ளை, ஈரம் பட்டால் செங்கல் நிறம்.
தாதுவை அமிலத்தில் வேகவைத்து
வேண்டியதை உருவிக்கொண்ட பிறகு மிஞ்சுவது.
புளிப்பேறிய மண்ணுக்கு நல்லது என்றார்
தொழிற்சாலையிலிருந்து வந்த என்சிக் ருஸ்டி.
பெர்சுமா, என்றார். காசே வேண்டாம்.
மண்டோர் தவசி அந்தச் சொல்லைப் புரட்டிப் பார்த்தார்.
மலாய் மொழியில் அதற்கு
வீண் என்றும் பொருள் உண்டே.

மண் அள்ளுவது என் வேலை.
ஈப்போவிலிருந்து வேனில் வந்து சேர்ந்தபோது
சுங்கை கெலாடியில் பெரட்டு கலைந்துகொண்டிருந்தது.
செம்பனை நிரைகளுக்குள் நேராக நடக்கக் கூடாது,
சம்சு குடித்தவன்போல் கோணிக்கோணிப் போக வேண்டும்.
பதினைந்து சென்டிமீட்டர், பிறகு முப்பது.
ஒவ்வொரு குழிக்கும் துளைக்கம்பியைத் துடைக்க வேண்டும்.
துடைக்காவிட்டால்
இந்தக் குழி அந்தக் குழியைப் பற்றிப் பொய் சொல்லும்.

தூள் படாத மேட்டிலும் அள்ளினேன்.
"ஒண்ணும் போடாத மண்ணுல என்னத்தப் பாக்கப் போறீங்க?"
ஒப்பிடத்தான்.
கதிர் அளக்கும் பெட்டி சொட்டுச்சொட்டாய்ப் பேசியது.
குவியலருகே கொஞ்சம் வேகமாய்.
முனீஸ்வரர் கோயில் கருங்கல் படியில் அதைவிட வேகமாய்.
தவசி சிரித்துவிட்டார்:
"அப்ப சாமியத்தான் மொதல்ல லேபுக்கு அனுப்பணும்."
கல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஐயா,
தூள் நடக்கும்.
சொல்லி வாய் மூடவில்லை,
காற்று என் கறுப்புக் காலணியை வெளுத்துவிட்டுப் போனது.

ஏழு வாரம்.
ஈயம், ஆர்செனிக், காட்மியம், தோரியம்.
எல்லாம் வரம்புக்குள்,
ஒன்று மட்டும் வரம்பின் விளிம்பில்
கால் தொங்கப் போட்டுக்கொண்டு.
அறிக்கை மலாயில். தமிழில் ஒரு பக்கம்
நீயே எழுதிவிடு கோமளா, என்றார்கள்.
எழுதினேன்.
செம்பனைக்குப் போடலாம்.
இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போடலாம்.
கால்வாய் ஓரம் வேண்டாம், கனமழையில் கரையலாம்.
நாளடைவில் அடிமண்ணில் சேரலாம்.

பெரட்டுக் களத்தில் வாசித்து முடித்தேன்.
உரம் போடும் கும்பலிலிருந்து பாக்கியவதி கேட்டாள்:
"இதுல எந்த லாம் உத்தரவு, எந்த லாம் ஒருவேளை?"
ஷஃபிக்குலுக்குத் தமிழ் பாதிதான் புரியும்,
அவனும் நிமிர்ந்து பார்த்தான்.
நான் தாளைப் பார்த்தேன்.
நான்கு வரி, நான்கு லாம்,
எல்லாம் ஒரே மை.

கூட்டம் கலைந்த பிறகு வேன் வரைக்கும் வந்தாள்.
"வாளியில ஆறு தடவ அள்ளிட்டு வந்து
வீட்டுக்குப் பின்னால கொட்டுனேன்.
எல்லாருந்தான் அள்ளுனாங்க.
பறங்கி பிச்சிக்கிட்டுக் காய்க்குது.
பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடலாமா?"

முப்பத்தொன்பது பை கொண்டுபோயிருந்தேன்.
எந்தப் பையிலும் அவள் வீட்டுப் பின்புறம் இல்லை.
தோட்டத்து வரைபடத்தில் அது
குடியிருப்பு என்று எழுதிய வெற்றிடம்.
தெரியவில்லை, என்றேன்.
அறிக்கையில் எங்கும் நான் எழுதாத சொல்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
போய் ஒன்றை அறுத்து வந்தாள், காம்போடு.
சாம்பாருக்கா, சோதனைக்கா, சொல்லவில்லை.
தாப்பா தாண்டும் வரை முன் இருக்கையில்
உருண்டு உருண்டு கதவை இடித்துக்கொண்டிருந்தது.
பிறகு வாரைப் போட்டுவிட்டேன்.

நாற்பது என்று எழுதி ஒட்டியாயிற்று.
கட்டணம் யார் பெயரில் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
கத்தி இறங்கியதும் உள்ளே நல்ல மஞ்சள்,
விதை திரண்டு, வாசனையோடு.
சந்தையில் நானே பொறுக்கியிருந்தாலும்
இதைத்தான் எடுத்திருப்பேன்.