ஏழாவது எழுத்து

விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
ஹாப்சலு துறைமுக அலுவலகத்தில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
வெளியே கடல் படுத்தவாக்கில் உறைந்து
ஹீயுமா தீவுவரை ஒரே வெள்ளைத் தரை.

பனி தாங்கும் என்கிறது விக்கியின் அளவைப் பக்கம்.
பாதையைத் திற என்கிறது உத்தரவுப் பக்கம்.
இரண்டையும் ஒப்பிட்டு
வாசல் பலகைக்குச் சேதி சொல்லும் மேக்ரோ மட்டும்
மூடியிருக்கிறது, மூடியிருக்கிறது என்று
நேற்றுக் காலையிலிருந்து அடம்பிடிக்கிறது.

கம்பிக்கு இந்தப் பக்கம்
வைக்கோல் லாரிக்குள் ஹெய்னார்.
நேரம் காலம் இல்லாமல் போன் செய்கிறான்.
"லீவி, என் கண்ணுக்குப் பனி தெரியுது.
உன் கணினிக்கு என்ன தெரியுது?"

இரண்டு சொல்லையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன்.
அவட்டுட்.
அவட்டுட்.
திறந்திருக்கிறது என்று பொருள், எங்கள் எழுத்தில் ஆறு.
சமமா என்று கேட்டால்
யோசிக்காமல் இல்லை என்கிறது.

முதல் தப்பு நள்ளிரவிலேயே பிடிபட்டது, என் தப்புதான்.
மேக்ரோவைக் கூப்பிட்டுவிட்டு
அது வாய் திறக்குமுன்
கூப்பிட்ட பெயரையே பதிலென்று தராசில் வைத்திருந்தேன்.
உறையைப் பிரிக்காமல்
மேல்விலாசத்தைக் கடிதத்தோடு ஒப்பிட்ட மாதிரி.
திருத்தினேன்.
மறுபடியும் இல்லை.

பகல் ஷிஃப்ட் ராய்வோவை எழுப்பினேன்.
"சமமான்னு கேக்காதே.
உள்ளே இருக்கான்னு கேள், போதும்" என்றவன்
குறட்டையோடு போனை வைத்தான்.
தட்டினேன். பச்சை எரிந்தது.
எழுந்து காபி போடப் போனவள் பாதியில் திரும்பினேன்.

மித்தே அவட்டுட்.
திறக்கவில்லை.
அதற்குள்ளும் திறந்திருக்கிறது முழுசாக உட்கார்ந்திருக்கிறதே.
மார்ச்சில் பனி இளகும் ஒரு நாள்
அந்தச் சொல் வரும்,
இதே பச்சை எரியும்,
யாரோ ஒருவன் வண்டியைக் கிளப்புவான்.
அழித்தேன்.

எங்கள் மொழிக்குப் பதினான்கு வேற்றுமை.
பள்ளியில் வரிசையாக ஒப்பித்திருக்கிறேன்,
வீட்டின், வீட்டுக்குள், வீட்டிலிருந்து, வீடில்லாமல்.
பதினைந்தாவதாக
கண்ணில் படாத வேற்றுமை ஒன்று உண்டென்று
எந்தப் பாடத்திலும் வரவில்லை.

கடைசியில் கணினியிடம் சொன்னேன்:
படிக்காதே. எண்ணு.

ஒன்று ஆறு.
மற்றது ஏழு.

ஏழாவதற்கு உருவமில்லை, உச்சரிப்பில்லை.
சொல் முடிந்தபின் ஒரு வரிமுறிவு,
வெறும் ஒரு என்டர்.
யாருடையது என்று பதிவைப் பின்னோக்கித் திருப்பினேன்.

வெல்லோ.
காலைதோறும் ஒன்பதாவது கிலோமீட்டரில் துளையிட்டு
அளவுகோலை இறக்கி
மண்டியிட்டுப் பார்த்துப் போனில் தட்டுகிறவன்.
முந்தாநாள் வரை எல்லாம் ஆறு.
நேற்று மைனஸ் இருபத்து மூன்று.
கையுறைக் கட்டைவிரல்
ஒரு தரம் கூடுதலாக அழுத்தியிருக்கிறது.

ஓரம் வெட்டும் வரி ஒன்று சேர்த்தேன்.
முன்னும் பின்னும், வெறுமையை மட்டும்,
சொல்லைத் தொடாமல்.

சமம்.

வெல்லோ இன்றும் அளந்து அனுப்பியபின் கம்பி உயர்ந்தது.
பனிமேல் பெல்ட் போடக்கூடாது.
ஹெய்னார் கழற்றினான்,
கண்ணாடியை இறக்கினான்,
எனக்குக் கையசைத்தானா சிகரெட்டை எறிந்தானா தெரியவில்லை.
லாரிக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோல் பறந்தது.

வெல்லோவிடம் எதுவும் சொல்லவில்லை.
சொன்னால்
நாளைக்குக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டுவான்.